34 கிராம் அம்பு, 300 கிலோ மான்

செப்டம்பர் 11, 2025, வியாழன் – டென்வர்

நாளை காலை கிளம்ப வேண்டும். அம்புகள் இன்னும் தயாராகவில்லை.

என்னுடன் வேலை பார்க்கும் நண்பர் இந்த ஆண்டும் எல்க் மான் வேட்டைக்கு உரிமம் வாங்கியிருக்கிறார். கொலராடோவில் குடியிருப்பவர் என்பதால் அறுபது டாலர் சொச்சத்தில் முடிந்தது. வெளிமாநிலத்தவர் என்றால் எண்ணூறு டாலரை ஒட்டி வரும். வில் வேட்டைக்கான பருவம் செப்டம்பர் 2 முதல் 30 வரை. எனக்கு நாணை இழுக்கக்கூடத் தெரியாது. "மான் விழுந்தால் சுமை தூக்க ஓர் ஆள் வேண்டும்" என்றார். கூடாரத்துக்கும் குளிருக்கும் ஆசைப்பட்டுத் தலையாட்டினேன்.

குளறுபடி அம்பு விற்ற கடையிலிருந்து வந்தது. பயிற்சிக்கான கூம்பு முனைகளைப் பொருத்தி எய்தபோது 40 கஜத்தில் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்தன. வேட்டைக்கான அலகு முனைகளை (வெட்டும் தகடுகள் கொண்டவை) மாட்டியதும் ஒவ்வொன்றும் ஒரு சாண் விலகின. தண்டைத் திருப்பிப் பார்த்தால் 400 என்று அச்சிட்டிருக்கிறது, பில்லில் 300. இந்த எண் குறையக் குறையத் தண்டின் விறைப்பு கூடும். நண்பரின் வில் 70 பவுண்டு இழுவிசை கொண்டது. அத்தனை வேகத்தில் நாண் பின்னாலிருந்து தள்ளும்போது தண்டு வளைந்து நிமிர்ந்துதான் பறக்கிறது. முனையில் கனம் கூடினால் வளைவும் கூடும். கூம்பு முனை அந்தக் குறையை மறைத்துவிடும். அலகு முனைக்கு முன்பக்கமே சின்னச் சிறகுகள் இருப்பதுபோல. தண்டு கோணலாகப் போனால் அதைப் பிடித்து இன்னும் கோணலாக இழுத்துக்கொண்டு போகும்.

கடைக்காரர் தண்டுகளை மாற்றிக் கொடுத்தார். ஆனால் வெட்டுக்கூலி என்று மறுபடி பன்னிரண்டு டாலர் வாங்கிக்கொண்டார். தவறு அவர்களுடையது, கூலி நம்முடையது. வருத்தம் தெரிவிக்கிற வழக்கமே அந்தக் கடையில் இல்லை போலிருக்கிறது. இரவு பதினொரு மணி வரை நண்பரின் கார் கொட்டகையில் பசை காய்வதற்காகக் காத்திருந்தோம்.

செப்டம்பர் 12, வெள்ளி – மீக்கர்

ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே போனோம். ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கேயே காது அடைத்துவிட்டது. வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் பச்சை மிளகாய்க் குழம்பு ஊற்றிய பரிட்டோ, ஒன்பது டாலர். கொலராடோக்காரர்கள் இந்த மிளகாயைப் பற்றிப் பெருமை பேசுவார்கள். காரம் நமக்குப் பற்றாது, ஆனால் சுட்ட தோலின் மணம் நன்றாக இருந்தது. சாலையோரத்தில் பாலிசேட் பீச் பழங்கள், பருவம் முடிகிற நேரத்துப் பழங்கள். கடைக்காரப் பெண்மணி இரண்டைக் கூடுதலாகப் பையில் போட்டார். "அடிபட்டவை, இன்றே சாப்பிடுங்கள்" என்றார். அவைதான் அந்தப் பையிலேயே இனிப்பானவை.

ரைஃபிள் என்ற ஊரில் நெடுஞ்சாலையை விட்டு வடக்கே திரும்பினால் நாற்பது மைல் தாண்டி மீக்கர். ஆகஸ்டில் இந்த ஊருக்குத் தென்மேற்கே லீ காட்டுத்தீ ஒரு லட்சத்து முப்பதாயிரம் ஏக்கருக்கு மேல் எரித்துவிட்டுப் போயிருக்கிறது. கடைக் கண்ணாடிகளில் தீயணைப்பு வீரர்களுக்கு நன்றி சொல்லும் அட்டைகள் இன்னும் ஒட்டியிருந்தன.

நண்பரின் மாமனார் இங்கேதான் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். நண்பர் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். எனக்கு வாய் வரவில்லை, 'சார்' என்றேன், சிரித்தார். இங்கே பெரியவர் என்றே குறிப்பிடுகிறேன். இரவு எல்க் கறியும் பீன்ஸும் போட்ட குழம்பு. தட்டை எடுப்பதற்குள் மாமனாரும் மருமகனும் அம்பு எடையில் இறங்கிவிட்டார்கள்.

நண்பரின் பழைய அம்பு 420 கிரெயின். புதியது 520. (7,000 கிரெயின் ஒரு பவுண்டு, ஆக 520 கிரெயின் ஏறத்தாழ 34 கிராம்.) பெரியவர் சமையல் மேசையில் சின்னத் தராசை வைத்து எனக்காகவே பிரித்துக் காட்டினார்: 28 அங்குலத் தண்டு 291, முனையைத் திருகும் பித்தளைச் செருகு 75, முனை 125, இறகுகள் 20, நாண் பற்றும் கொக்கி 9. கூடிய எடையில் பெரும்பகுதி முன்பக்கம் என்பதுதான் விஷயம். அம்பை விரலில் சமநிலையாக நிறுத்தினால், பழையது நடுவிலிருந்து நீளத்தில் 12 சதவீதம் முன்னே நிற்கிறது, புதியது ஏறக்குறைய 17 சதவீதம். முன்கனம் கூடினால் பின்னிருக்கும் இறகுகள் சீக்கிரம் அம்பை நேராக்கும்.

"ஆனால் வேகம் போகிறதே" என்றேன். அந்த வில்லில் 420 கிரெயின் அம்பு வினாடிக்கு 285 அடி பறக்கிறது. 520 கிரெயின் 260 அடி. பெரியவர் பென்சிலை எடுத்தார். இயக்க ஆற்றல் 76 அடி-பவுண்டு, 78 அடி-பவுண்டு, கிட்டத்தட்ட ஒன்றுதான். எல்க் மானுக்கு 42 முதல் 65 என்று அம்பு தயாரிக்கும் ஈஸ்டன் நிறுவனத்தின் அட்டவணை சொல்கிறது, இரண்டுமே அதைத் தாண்டிவிட்டன. உந்தம் மட்டும் கனமான அம்பில் 13 சதவீதம் அதிகம். பத்தாம் வகுப்பில் நிறையைத் திசைவேகத்தால் பெருக்கி மதிப்பெண் வாங்கியதோடு மறந்துபோனதை மீக்கரில் ஒரு கிழவர் நினைவூட்டினார்.

நண்பர் விடவில்லை. மெதுவான அம்பு அதிகம் தாழும், தூரத்தைத் தவறாகக் கணித்தால் மான் தப்பிவிடும் என்பது அவர் கட்சி. அதையும் போட்டுப் பார்த்தோம். 35 கஜத்தில் நிற்கும் மானை 40 என்று நினைத்து எய்தால் வேகமான அம்பு சுமார் மூன்றே முக்கால் அங்குலம் மேலே போகும், கனமானது நாலரை அங்குலம். வித்தியாசம் முக்கால் அங்குலம். காற்றின் தடையைச் சேர்த்தால் சற்று மாறும், அவ்வளவுதான். கழுத்தில் தூரமானி தொங்கும்போது இந்த முக்கால் அங்குலத்துக்காகக் கனத்தை விட்டுக்கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. சொன்னேன். பெரியவர் எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

செப்டம்பர் 13, சனி – ஃபிளாட் டாப்ஸ் மலைப்பகுதி

மீக்கரிலிருந்து கிழக்கே வெள்ளையாற்றை ஒட்டிப் போகும் சாலை கடைசியில் கப்பி ரோடாகிவிடுகிறது. அங்கே ஒரு கூரான கல் பின்சக்கரத்தைக் கிழித்தது. மாற்றுச் சக்கரத்தில் காற்று பாதிதான் இருந்தது. எதிரே வந்த ஆட்டுப் பண்ணைக்காரர் வண்டியை நிறுத்தி, கேட்காமலேயே காற்றடிக்கும் கருவியை எடுத்துவந்து வேலையை முடித்துவிட்டு, "எல்க் மேலே இருக்கிறது, புல் காய்ந்துவிட்டது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை.

முகாம் 9,500 அடிக்கு மேல். ஆஸ்பென் மரங்கள் மேல்சரிவில் மஞ்சளாகத் தொடங்கியிருக்கின்றன. எனக்குத் தலைவலி, தண்ணீர் குடி, குனியாதே என்றார்கள்.

மதியம் பெரியவர் ஒரு சாக்கைத் திறந்தார். உள்ளே போன ஆண்டு மானின் தோள்பட்டை எலும்பு, அகலத்தில் என் உள்ளங்கையை விடப் பெரியது. அதை நுரைப்பலகையின் முன் கட்டினார். பலகையாக இருக்கும் பகுதியில் விரல் வைத்துப் பார்த்தேன். நடுவில் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லியது. ஆனால் அதன் நீளத்துக்கு ஓடும் மேடும், கீழே மூட்டுக்குப் போகும் முண்டும் கல்லைப் போல இருக்கின்றன. மானின் இதயமும் நுரையீரலும் இந்தத் தோளுக்குப் பின்னாலும் ஓரளவு அதன் மறைவிலும்தான் இருக்கின்றன. நான்கு அங்குலம் முன்னே தவறினால் அம்பு இதைச் சந்திக்க வேண்டும்.

முதலில் விரியும் முனை. பறக்கும்போது மடங்கி, பட்டதும் இரண்டு அலகுகளும் இரண்டு அங்குல அகலத்துக்கு விரிவது. நண்பருக்கு இதன்மேல் தீராத காதல்: கூம்பு முனை போலவே நேராகப் பறக்கும், அகலமாக வெட்டும், இரத்தத் தடம் பார்வையற்றவரும் பின்தொடரும் அளவுக்கு இருக்கும். எலும்பின் மேட்டில் பட்டது. துளைத்தது என்னவோ உண்மை. நுரையில் நான்கு விரல் ஆழத்தோடு நின்றுவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் ஓர் அலகு பின்னுக்கு வளைந்து தண்டோடு ஒட்டியிருந்தது. விரிவதற்கே கொஞ்சம் ஆற்றல் செலவாகிறது, அகலம் கூடுவதால் எலும்பின் தடையும் கூடுகிறது.

அடுத்தது பெரியவரின் முனை. இரண்டே அலகு, ஒருபக்கம் மட்டும் சாணை பிடித்தது, அகலம் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். சாணை ஒருபக்கம் மட்டும் இருப்பதால் உள்ளே போகும்போது திருகிக்கொண்டு போகும். இறகுகளையும் அதே திசையில் சுழலும்படி ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றையொன்று எதிர்க்கும். எலும்பு 'டக்' என்று நீளவாக்கில் பிளந்தது. அம்பு இறகு வரை உள்ளே.

"காய்ந்த எலும்பு உடையத்தான் செய்யும், உயிருள்ள மான் வேறு" என்றார் நண்பர். சரியான ஆட்சேபம். பெரியவரும் மறுக்கவில்லை. ஆனால் வளைந்த அலகைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மருமகனை வெறுப்பேற்ற ஓர் ஆண்டுக்கு அது போதும்.

மாலையில் அவரைக்காய் விதை அளவில் ஆலங்கட்டி. கூடாரத்தின் மேல் விழுந்த சத்தத்தில் பேச முடியவில்லை. பின்னிரவில் பாட்டிலில் இருந்த தண்ணீர் உறைந்துவிட்டது.

செப்டம்பர் 14, ஞாயிறு

விடியுமுன் ஆண் எல்க் கத்தியது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. முந்நூறு கிலோவுக்கு மேலும் எடையுள்ள விலங்கு. உறுமும் என்று நினைத்திருந்தேன். புல்லாங்குழலின் மேல் சுருதியில் ஏறி, உடைந்து, கடைசியில் கனைப்பில் இறங்கியது. பெரியவர் பதிலுக்குப் பெண் மான் குரலில் மிருதுவாக ஊதினார்.

அரை மணி நேரத்தில் அது வந்தது. 22 கஜம். கொம்புகளால் ஒரு சிறு ஃபர் மரத்தை அடித்து நொறுக்கியது. பிறகு எங்களை நோக்கி நேர்முகமாக நின்றது. நண்பர் நாணை இழுத்து, பிடித்து, நெடுநேரம் பிடித்து, விடாமலே தளர்த்திவிட்டார். மான் காற்றில் எங்கள் வாடையைப் பிடித்து ஓடியது.

எனக்கு ஏமாற்றம். இத்தனை கணக்குப் போட்டுச் செய்த அம்பு எதற்கு? பெரியவர் நடந்துகொண்டே விளக்கினார். நேர்முகமாக நிற்கும்போது இரு தோள் எலும்புகளுக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவே கைப்பிடி அளவு இடைவெளிதான் உண்டு. அதில் எய்பவர்களும் இருக்கிறார்கள், வீழ்த்தியும் இருக்கிறார்கள். "கனமான அம்பு என்பது தவறிப்போனால் உதவத்தான். தவறான கோணத்தில் எய்யத் துணிச்சல் கொடுப்பதற்கு அல்ல."

கீழே வண்டி நிறுத்துமிடத்தில் வனவிலங்குத் துறை அதிகாரி உரிமம் பார்த்தார். இந்த மாநில விதிப்படி முனை குறைந்தது 7/8 அங்குல அகலம் இருக்க வேண்டும், இரண்டு எஃகு அலகுகளாவது வேண்டும், வில்லின் இழுவிசை 35 பவுண்டுக்குக் குறையக் கூடாது. அம்பறாத்தூணியை ஒரு பார்வை பார்த்துத் தொப்பியைத் தொட்டுவிட்டு நகர்ந்தார். குழல்வாய் வழியே மருந்திட்டுச் சுடும் பழைய பாணித் துப்பாக்கிக்கான பருவமும் இப்போது நடப்பதால் ஆரஞ்சு நிற உடுப்போடு இரண்டு பேர் வந்தார்கள். நாங்கள் எந்தச் சரிவில் இருக்கிறோம் என்று கேட்டுக்கொண்டு, "அப்படியானால் நாங்கள் மறுபக்கம் போகிறோம்" என்று வழிவிட்டார்கள்.

பக்கத்துக் கூடாரத்துக்காரர் வேறு ரகம். அவருடைய அம்பு 650 கிரெயின். கையில் வாங்கிப் பார்த்தால் அம்பா கடப்பாரையா என்று சந்தேகம் வரும். 1980களில் தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் விலங்குகளின் மேல் அம்புகளைச் சோதித்த எட் ஆஷ்பியின் ஆதரவாளர். கனத்த எலும்பைப் பிளக்க அம்பு 650 கிரெயினாவது இருக்க வேண்டும் என்பது ஆஷ்பியின் முடிவு. ஆனால் ஆஷ்பி எடையை மட்டும் சொல்லவில்லை. முனை உடையாமல் இருப்பதும் அம்பு நேராகப் பறப்பதும்தான் அவர் வரிசையில் முதலில் வருகின்றன. இதை நம்மவர் அவசரமாகக் கடந்துவிட்டார். "எத்தனை கஜம் வரை எய்வீர்கள்?" என்று கேட்டேன். முப்பது என்றார். முப்பதுக்குள் மட்டும் எய்பவருக்கு அது நல்ல அம்புதான். நல்ல மனிதரும்கூட, சூடான சாக்லேட் கொடுத்தார், விரிவுரையோடு.

செப்டம்பர் 15, திங்கள்

நாள் முழுக்க மழை. கூடாரத்தில் சாணைக்கல். பெரியவர் ஒவ்வொரு முனையையும் ரப்பர் பட்டையின் மேல் மெதுவாக வைத்துப் பார்க்கிறார். அழுத்தாமலே அறுந்தால் தேர்ச்சி. புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்தவற்றில் ஒன்று தோற்றது. மூன்று முனைகள் நூறு டாலருக்கு மேல் விற்கிற சரக்கு! நண்பர் தன்னுடைய விரியும் முனைகளைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். யாரும் எதுவும் சொல்லவில்லை. மதியம் டப்பா ரவியோலி, இரவும் அதுவே.

செப்டம்பர் 16, செவ்வாய்

மழை விட்டதும் மான்கள் திறந்த புல்வெளிக்கு வந்தன. காலையில் குளிர்காற்று சரிவில் கீழே இறங்கும், வெயில் ஏறியதும் மேலே திரும்பும்; திரும்புவதற்குள் நாங்கள் மேலே ஏறிவிட வேண்டும் என்று பெரியவர் விரட்டினார். என் நுரையீரல் காதில் கேட்டது.

ஒரு பெண் மான், தனியாக, பக்கவாட்டில். நண்பரின் உரிமத்தில் ஆண் பெண் இரண்டும் அடங்கும். தூரமானி 34 கஜம் காட்டியது. வில் எழுப்பிய ஓசை மெல்லியது. கனமான அம்பு வில்லின் ஆற்றலை அதிகமாக வாங்கிக்கொள்வதால் சத்தமும் குறைகிறது என்று பிறகு சொன்னார்கள். மான் ஒரு துள்ளு துள்ளி, ஃபர் மரங்களுக்குள் ஓடியது. நான் எழுந்தேன், பெரியவர் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். முக்கால் மணி நேரம் அசையக் கூடாது. துரத்தினால் அடிபட்ட மான் மைல் கணக்கில் ஓடும்.

அம்பு மறுபுறம் மண்ணில் செருகி நின்றது. பெரியவர் முதலில் அதை மோந்து பார்த்தார். பச்சையாகச் சாணி நாற்றம் அடித்தால் குடலில் பட்டிருக்கிறது, மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இது நாறவில்லை. தண்டு முழுக்க இளஞ்சிவப்பு, இறகின் இடுக்கில் நுண்ணிய குமிழிகள்: நுரையீரல். முனையில் ஓர் அலகின் ஓரத்தில் மட்டும் நகக்கண் அளவு தழும்பு, விலா எலும்பில் பட்டது. தடம் எண்பது கஜத்தில் முடிந்தது. இரு விலாப்புறமும் துளை இருந்ததால் அகலம் குறைந்த முனையிலும் இரத்தத்துக்குக் குறைவில்லை. நண்பரின் பழைய வாதத்துக்கு அது பதில்.

பிறகு தொடங்கியதுதான் என் வேலை. கால்கள் நான்கு, முதுகுக்கறி, கழுத்துக்கறி. பின்னங்கால் ஒன்று இருபது கிலோவுக்கு மேல். விதிப்படி பாலினம் காட்டும் உறுப்பு கறியோடு ஒட்டியிருக்க வேண்டும், உண்ணத்தக்க கறியை விட்டுவரக் கூடாது. இரண்டரை மைல், விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி, இரண்டு நடை. இரண்டாம் நடையில் பக்கத்துக் கூடாரத்து 650 கிரெயின்காரர் கூப்பிடாமலே வந்து ஒரு காலைத் தோளில் ஏற்றிக்கொண்டார். அம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கும் மூச்சு வாங்கியது.

செப்டம்பர் 17, புதன் – கறிக்கடை

வழியில் ஒரு கறிக்கடையில் இறக்கினோம். வெட்டி, பொதிந்து, உறைய வைத்துத் தர இருநூற்றைம்பது டாலரை ஒட்டி ஆகும். கடைக்காரர் முதலில் கேட்டது, மான் எங்கே கிடைத்தது என்பதை அல்ல, "முனையில் எல்லா அலகும் இருக்கிறதா?" நண்பர் பையைத் திறந்து காட்டினார். உடைந்த துண்டு கறிக்குள் தங்கினால் அரைக்கும் இயந்திரம் போய்விடுமாம், தின்பவர் பல்லும் போகும்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஊறுகாய் ஜாடி ஒன்று. மான்களின் உடலிலிருந்து அவர் எடுத்த முனைகள். ஒருபக்கச் சாணை, மூன்றலகு, விரியும் வகை, முனை மடங்கியது, துருப்பிடித்தது, எல்லா ஜாதியும் உள்ளே இருந்தன. பெரும்பாலும் எந்த இடத்தில் கிடைக்கும் என்று கேட்டேன். கத்தியை வைத்துவிட்டுத் தன் தோள்பட்டையைத் தட்டிக் காட்டினார். எந்த வகை அதிகம் என்று நண்பர் கேட்டார். எண்ணியதில்லை என்று சொல்லிவிட்டு, சாசேஜில் காரம் எவ்வளவு வேண்டும் என்று விண்ணப்பத்தை நீட்டினார். 'மிக அதிகம்' என்ற கட்டத்தில் நான் டிக் போட்டேன். பெரியவர் அதை அடித்துவிட்டு 'மிதம்' என்று மாற்றினார்.